விற்பவர் கணக்கில் நிகர வருமானம் 96 லட்சம், வங்கி போட்ட கணக்கில் 70. நடுவில் 26 எங்கே போனது?

மாடிப்படி எழுதியது:

வணக்கம். வாடகைக்கு விட்டிருக்கும் வணிகக் கட்டடம் ஒன்றை வாங்கக் கடன் கேட்டிருக்கிறேன். கீழ்த்தளத்தில் 4 கடைகள், மேலே 2 தளங்களில் 6 அலுவலகங்கள். பத்து இடமும் நிரம்பியிருக்கிறது. எண்கள் இவை:

விலை: 12 கோடி
ஆண்டு வாடகை: 120 லட்சம்
விற்பவர் காட்டும் ஆண்டுச் செலவு: 24 லட்சம்
நிகர வருமானம்: 96 லட்சம், அதாவது விலைக்கு 8%

நான் கேட்டது விலையில் 75%, 9 கோடி. வட்டி 7.5%, 25 ஆண்டு. மாதத் தவணை 6.65 லட்சம், ஆண்டுக்கு 79.8 லட்சம். 96ஐ 79.8ஆல் வகுத்தால் 1.20 வருகிறது. வருமானம் தவணையைப் போல் 1.25 மடங்கு வேண்டும் என்பார்கள் என்று தெரியும். அதனால் 9 கிடைக்காவிட்டாலும் 8.6 கோடியாவது வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வந்த பதில் 6.3 கோடி! விளக்கம் கேட்டால், "எங்கள் கணக்கில் இந்தக் கட்டடத்தின் வருமானம் 70 லட்சம்தான்" என்று ஒரே வரி. வாடகை முழுவதும் மாதாமாதம் வங்கி வழியாக வந்திருக்கிறது, ஆதாரம் கொடுத்துவிட்டேன். என் சொந்த வருமானம், கடன் வரலாறு இரண்டிலும் குறை இல்லை. அப்புறம் எதை வைத்து வெட்டுகிறார்கள்?

கூடுதல் விவரம்: மூலைக்கடை மட்டும் ஆண்டுக்கு 36 லட்சம் தருகிறது. அதன் ஒப்பந்தம் முடிய 14 மாதம் இருக்கிறது. கட்டடத்தை இப்போது விற்பவரே பார்த்துக்கொள்கிறார், மேலாளர் கிடையாது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடைசிப் பத்தியில் நீங்கள் 'கூடுதல் விவரம்' என்று போட்டிருப்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

வீட்டுக் கடனில் உங்கள் சம்பளத்தைப் பார்ப்பார்கள். இங்கே தவணை கட்டப் போவது கட்டடம். அதனால் வங்கி விற்பவர் தாளை அப்படியே எடுத்துக்கொள்ளாது. நாளைக்கே இந்தக் கட்டடம் தன் கைக்கு வந்து, ஒரு மேலாளரை வைத்து நடத்தினால் என்ன மிஞ்சும் என்று புதிதாக எழுதும். அவர்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

மொத்த வாடகை 120 லட்சம்.

மூலைக்கடை தருவது 36. அதே அளவு கடைக்குச் சந்தை வாடகை 30 என்று மதிப்பீட்டாளர் சொல்லியிருந்தால், 14 மாதத்தில் முடியும் ஒப்பந்தத்துக்கு 36ஐ யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 6 கழியும். மீதி 114.

காலியிருப்புக்கும் வராத வாடகைக்கும் 7%: 7.98. மீதி 106.02.

செலவு: விற்பவர் காட்டிய 24. அவரே பார்த்துக்கொள்வதால் நிர்வாகக் கூலி அதில் இல்லை. வசூலில் 4% என்று வைத்து 4.24 சேர்ப்பார்கள். விற்பனைக்குப் பிறகு புதிய விலையின் மேல் சொத்துவரி திருத்தப்படுமானால் அதற்கு ஒரு 3. ஆகச் செலவு 31.24.

நிகர வருமானம் 74.78.

இதற்குக் கீழே இன்னொரு வெட்டு உண்டு. கூரை, லிஃப்ட், ஏசி போன்றவற்றை என்றைக்காவது மாற்றித்தானே ஆக வேண்டும்? அதற்கு ஆண்டுக்கு 1.5. காலியான இடத்தைத் திரும்ப வாடகைக்கு விடத் தரகும் உள்வேலையும் உண்டு, அதற்கு 3. இரண்டையும் கழித்தால் 70.28. உங்களிடம் அவர்கள் சொன்ன '70' இதுதான்.

70.28ஐ 1.25ஆல் வகுத்தால் 56.2. ஆண்டுத் தவணைக்கு அவர்கள் அனுமதிக்கும் உச்சம் அது. 7.5% வட்டியில் 25 ஆண்டுக்கு, கடன் தொகையில் 8.87% ஆண்டுத் தவணையாகப் போகும். 56.2ஐ 0.0887ஆல் வகுத்தால் 6.34 கோடி. கீழே முழுமைப்படுத்தி 6.3.

இதே தாளில் நீங்கள் கேட்ட 9 கோடியை வைத்துப் பாருங்கள். தவணை 79.8, வருமானம் 70.28, விகிதம் 0.88. ஒவ்வொரு ஆண்டும் உங்கள் கையிலிருந்து 9.5 லட்சம் போட்டால்தான் தவணை தீரும்.

7%, 4%, 1.5, 3 எல்லாம் என் ஊகம். வங்கியின் தாளில் ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறலாம். நீங்கள் கேட்க வேண்டியது அந்தத் தாளைத்தான். "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்டால் ஒரு வரிதான் வரும். "எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு கழித்தீர்கள்" என்று கேளுங்கள், பெரும்பாலும் காட்டுவார்கள்.

---

மாடிப்படி எழுதியது:

நன்றி, இப்போது உருவம் தெரிகிறது. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கட்டடம் முழுக்க நிரம்பியிருக்கும்போது காலியிருப்பு என்று 7% எதற்கு? நிர்வாகத்தையும் நானே பார்த்துக்கொள்ளப் போகிறேன். அந்த 4.24 எனக்குச் செலவே இல்லையே?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இன்றைக்கு நிரம்பியிருப்பது இன்றைய நிலை. கடன் ஓடப் போவது ஆண்டுக்கணக்கில். ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சராசரியாக 36 மாதம் இருக்கிறார், போன பிறகு புது ஆள் வந்து வாடகை தொடங்க 3 மாதம் ஆகிறது. 39 மாதத்தில் 3 மாதம் காலி, அதாவது 7.7%. இத்தனைக்கும் 3 மாதம் என்பது தாராளமான கணக்கு இல்லை. கட்டடத்தின் உண்மையான காலியிருப்பு, அந்த வட்டாரத்தின் காலியிருப்பு, வங்கியின் குறைந்தபட்ச அளவு (பெரும்பாலும் 5%) ஆகிய மூன்றில் எது அதிகமோ அதைத்தான் எடுப்பார்கள்.

நிர்வாகக் கூலியும் அப்படியே. நீங்கள் படுத்துவிட்டாலோ தவணை தவறி வங்கி கையகப்படுத்தினாலோ ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். உங்கள் உழைப்பு இலவசம் என்பது உங்களுக்குத்தான் லாபம், அடமானத்துக்கு இல்லை. இந்த வரியை எந்தக் கடன்குழுவும் நீக்காது. வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

வாதாட இடம் உள்ளது மூலைக்கடை வரியில். அங்கே போங்கள்.

---

தராசுமுள் எழுதியது:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் கடன் தொகையைத் தீர்மானிப்பது வருமானத்தைத் தவணையால் வகுத்து வரும் தவணைத் தாங்கு விகிதம் (டி.எஸ்.சி.ஆர்.) மட்டும் இல்லை. மூன்று சோதனை போட்டு, மூன்றில் எது குறைவோ அதைத் தருவார்கள். இந்தக் கட்டடத்துக்கே மூன்றையும் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, தவணைத் தாங்கு விகிதம். மேலே வந்தபடி 6.34 கோடி.

இரண்டு, மதிப்பில் இத்தனை சதவீதம் என்னும் எல்.டி.வி. இதில் பலர் ஏமாறுவது 'மதிப்பு' என்ற சொல்லில். உங்கள் விலை 12 கோடி என்பதால் வங்கிக்கும் அது 12 ஆகிவிடாது. விலை, மதிப்பீடு இரண்டில் குறைவானதுதான் கணக்கு. மதிப்பீட்டாளர் 74.78 நிகர வருமானத்தை 8% என்ற கேப் ரேட்டால் (இத்தகைய கட்டடத்தில் விலைக்கு இத்தனை சதவீதம் நிகர வருமானம் என்று சந்தை எதிர்பார்க்கும் அளவு) வகுத்தால் 9.35 கோடிதான் வருகிறது. அதில் 70% என்றால் 6.54 கோடி. அவர் 8%க்குப் பதில் 8.5% எடுத்தால் மதிப்பு 8.8 கோடி, 70% என்பது 6.16 கோடி ஆகிவிடும். வருமானத்தில் ஒரு காசு மாறவில்லை, அரை சதவீதம் மட்டும் நகர்ந்தது, கடன் 38 லட்சம் குறைந்தது.

மூன்று, டெட் யீல்ட். நிகர வருமானத்தைக் கடன் தொகையால் வகுப்பது, அவ்வளவுதான். வட்டியும் இல்லை, ஆண்டுக்கணக்கும் இல்லை, மதிப்பீடும் இல்லை. 2008 நெருக்கடிக்கு முன் குறைந்த வட்டியும் ஏறிய மதிப்பீடும் சேர்ந்து மற்ற இரண்டு சோதனைகளையும் சுலபமாகத் தாண்ட வைத்தன. வட்டியும் மதிப்பீடும் தொட முடியாத அளவுகோல் வேண்டும் என்றுதான் கடன்களைத் தொகுத்துப் பத்திரமாக்கி விற்பவர்கள் இதை இறுகப் பிடித்தார்கள். 10% கேட்டால் 74.78க்கு 7.48 கோடி வரை இடம் உண்டு. ஆக உங்களுக்கு இது தடை இல்லை.

6.34, 6.54, 7.48. சிறியது முதலாவது. தவணைக் காலத்தை 25லிருந்து 30 ஆண்டாக நீட்டச் சொன்னால் முதல் சோதனை 6.70க்கு ஏறும், ஆனால் உடனே இரண்டாவது சோதனை 6.54இல் தடுக்கும். 36 லட்சம் ஏறும் என்று நினைத்த இடத்தில் 20தான் ஏறும். ஒரு கதவைத் திறக்கும்முன் அடுத்த கதவு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விகிதத்தின் குறைந்தபட்சம் சொத்துக்குச் சொத்து மாறும். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 1.20, 1.25 போதும். கடை, அலுவலகத்துக்கு 1.25 முதல் 1.35. ஓட்டலுக்கு 1.40க்குக் கீழே பேச்சு எடுப்பதே கடினம், ஏனென்றால் அங்கே வாடகை ஒப்பந்தத்தின் நீளம் ஓர் இரவு.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வங்கியின் 74.78ஐ உங்கள் 12 கோடியால் வகுத்தால் 6.2%. ஆண்டுக்கு 6.2% தரும் சொத்தை 7.5% வட்டிக்குக் கடன் வாங்கி வாங்குகிறீர்கள். கடன் கூடக் கூட உங்கள் முதலுக்கு வரும் வருமானம் குறையும். இது கடன் பிரச்சினையா, விலைப் பிரச்சினையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

---

கீழ்த்தளம் எழுதியது:

வட்டி மட்டும் கட்டும் காலம் 2 வருஷம் கேளுங்க. 9 கோடிக்கு 7.5% வட்டின்னா வருஷத்துக்கு 67.5தான். 70.28 அதைத் தாண்டிடுதே.

---

தராசுமுள் எழுதியது:

67.5க்கு 70.28 என்றால் விகிதம் 1.04. 1.25 எங்கே இருக்கிறது? தவிர, வட்டி மட்டும் கட்டும் காலம் கொடுத்தாலும் கடன் தொகையை அளக்கும்போது அசலும் வட்டியும் சேர்ந்த தவணையை வைத்துத்தான் பெரும்பாலோர் அளப்பார்கள். சிலர் இன்னும் ஒரு படி போய், தரும் வட்டியை விட 1.5% கூட்டி வைத்துப் பார்ப்பார்கள். 9% வைத்தால் இதே கட்டடத்துக்கு 5.58 கோடிதான். மாறும் வட்டிக் கடன் என்றால் இந்தக் கூட்டல் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

எல்லோரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள். அந்த எண் பிறப்பது வாடகை ஒப்பந்தங்களில். கடன் கொடுப்பவரின் வழக்கறிஞர் பத்து ஒப்பந்தத்தையும் ஒவ்வொரு பக்கமாகப் படிப்பார். வாங்கும் நீங்கள் படித்தீர்களா?

முதலில் வாடகைப் பட்டியல். இடத்தின் எண், பரப்பு, தொடங்கிய நாள், முடியும் நாள், மாத வாடகை, எப்போது எவ்வளவு ஏறும், முன்பணம், நிலுவை என எட்டுப் பத்தி இருக்க வேண்டும். இதைப் படிக்கும் கண் தேடுவது என்ன என்றால்: விற்பனைக்கு முந்தைய சில மாதங்களில் மட்டும் கையெழுத்தான புது ஒப்பந்தங்கள். அக்கம்பக்கத்து இடங்களை விடச் சதுர அடிக்கு அதிகம் தரும் ஒரே ஒரு வாடகைதாரர். அந்த வாடகைதாரர் விற்பவரின் உறவினரா, அவருடைய இன்னொரு நிறுவனமா. முதல் 4 மாத வாடகை இலவசம் என்று ஒப்பந்தத்துக்கு வெளியே தனிக் கடிதம் கொடுத்துவிட்டு, பட்டியலில் முழு வாடகை காட்டியிருக்கிறாரா. ஒப்பந்தம் முடிந்து மாதாமாதம் ஓடிக்கொண்டிருப்பவர் யார். இந்தக் கடைசி வகையின் வாடகையைச் சிலர் பாதிதான் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்கவே மாட்டார்கள்.

சந்தையை விட அதிகம் தருபவரின் வாடகையைக் கீழே இறக்குவார்கள், குறைவாகத் தருபவரின் வாடகையை மேலே ஏற்ற மாட்டார்கள். ஒருவழிப் பாதை. அதற்காகக் கோபப்பட்டுப் பயனில்லை.

பிறகு ஷரத்துகள். முன்கூட்டியே வெளியேறும் உரிமை இருந்தால், பத்தாண்டு ஒப்பந்தமும் அந்த உரிமை தொடங்கும் நாள் வரைதான் ஒப்பந்தம். 'இன்ன கடை காலியானால் என் வாடகை பாதியாகும்' என்ற ஷரத்து சில்லறை வணிகக் கட்டடங்களில் வரும். மூலைக்கடை போனால் இன்னும் இரண்டு கடையின் வாடகை சேர்ந்து இறங்கும். விற்கும்போது முதலில் தனக்குத் தர வேண்டும் என்ற உரிமை யாருக்காவது இருந்தால், நாளை வங்கி ஏலம் விடும்போதும் அது குறுக்கே நிற்கும். பொதுச் செலவில் வாடகைதாரர் பங்குக்கு உச்சவரம்பு வைத்திருந்தால், செலவு ஏறுவது முழுக்க உங்கள் தலையில்.

இப்போது உங்கள் மூலைக்கடை. 120இல் 36 என்றால் 30%. ஒருவர் 20%க்கு மேல் போனாலே அவருடைய கணக்கு வழக்கைத் தனியாகக் கேட்கத் தொடங்குவார்கள். அவர் 14 மாதத்தில் போய்விட்டால் என்ன ஆகும் என்று வங்கி போட்டிருக்கும் கணக்கு இது: வாடகை 114லிருந்து 84. காலியிருப்பு 7% கழித்து 78.12. செலவு 30.12 (வசூல் குறைவதால் நிர்வாகக் கூலியும் குறையும்), மாற்றுவேலைக்கும் மறுவாடகைக்கும் மேலே ஒதுக்கிய 4.5. மிஞ்சுவது 43.5. அவர்கள் தரும் 6.34 கோடிக்கே தவணை 56.2. ஆண்டுக்கு 12.7 லட்சம் குறை. நீங்கள் கேட்ட 9 கோடி என்றால் குறை 36 லட்சம். இதைப் பார்த்த பிறகும் 6.3 தருகிறார்கள் என்றால், கடன் ஒப்பந்தத்தில் இந்தக் கடைக்கென்று ஏதாவது ஒரு கட்டு வைத்திருப்பார்கள். முடியும் தேதிக்கு 6 அல்லது 12 மாதம் முன்னால் புதுப்பிப்புக் கையெழுத்தாகாவிட்டால், தவணை போக மிஞ்சும் வாடகை முழுவதையும் வங்கி தன் கட்டுப்பாட்டுக் கணக்கில் பிடித்து வைக்கும். தேடிப் பாருங்கள், நிபந்தனைத் தாளில் இருக்கும்.

இதற்கு மருந்து கடன் மேசையில் இல்லை, மூலைக்கடையில் இருக்கிறது. வாங்கும் ஒப்பந்தத்தை முடிக்கும்முன், விற்பவரை வைத்தே அவருடன் 5 ஆண்டுப் புதுப்பிப்பு போடச் சொல்லுங்கள். 36 கிடைக்காது, 33க்கு வந்தாலும் போதும். வங்கி இப்போது 30 என்று எடுத்த இடத்தில் 33 வரும். அந்த 3 லட்சம், காலியிருப்பும் நிர்வாகமும் போக 2.68. அதே 1.25, அதே 8.87% வைத்தால் கடன் 24 லட்சம் ஏறும். அதோடு மேலே சொன்ன கட்டும் தளரும். 3 லட்சம் வாடகையை விட்டுக்கொடுத்து 24 லட்சம் கடனும் நிம்மதியான தூக்கமும் வாங்குகிறீர்கள்.

---

மாடிப்படி எழுதியது:

நிபந்தனைத் தாளில் இருக்கிறது! 9 மாதம் முன்னால் என்று போட்டிருக்கிறார்கள். அதைச் சாதாரண வாசகம் என்று கடந்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். கடன் 25 ஆண்டு என்று நினைத்திருந்தேன். தாளில் "25 ஆண்டுத் தவணை, 5 ஆண்டுக் கெடு" என்று இருக்கிறது. இது என்ன?

---

தராசுமுள் எழுதியது:

தவணையைக் கணக்கிட 25 ஆண்டு, கடனை முடிக்க 5 ஆண்டு. வணிகக் கட்டடக் கடனில் இது சர்வ சாதாரணம். 60ஆம் மாதத் தவணை கட்டிய அன்று 6.34 கோடியில் இன்னும் 5.82 கோடி பாக்கி இருக்கும், அதை மொத்தமாகத் தீர்க்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டில் கட்டியது பெரும்பாலும் வட்டி. தீர்க்க வழி மறுகடன் அல்லது விற்பனை.

அன்றைக்கு வட்டி 9.5% ஆகி, வருமானம் அதே 70.28இல் நின்றால், 1.25 விகிதத்துக்குப் புதுக் கடன் 5.36 கோடிதான் கிடைக்கும். 46 லட்சம் உங்கள் கையிலிருந்து. கட்டடத்தில் ஒரு குறையும் இல்லாமல், ஒரு தவணைகூடத் தவறாமல், கடன் கெடுவில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கடன் கொடுப்பவரும் இதைப் போட்டுப் பார்த்திருப்பார், 'வெளியேறும் நாள் சோதனை' என்று. உங்கள் தாளிலும் ஒரு பக்கம் அதற்கு ஒதுக்குங்கள்.

கெடுவுக்குமுன் அடைத்தால் என்ன அபராதம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 5-4-3-2-1 என்று ஆண்டுக்கு ஒரு சதவீதமாக இறங்கும் அபராதம் தாங்கக்கூடியது. மீதிக் காலத்து வட்டி இழப்பு முழுவதையும் ஈடுகட்டச் சொல்லும் வகை, வட்டி இறங்கிய காலத்தில் பெரிய தொகையாகிவிடும்.

---

செங்கல்சூளை எழுதியது:

காகிதம் போதும், கட்டடத்தையும் கொஞ்சம் பார்ப்போம். இரண்டு அறிக்கை வரும், இரண்டுக்கும் காசு உங்களுடையது.

ஒன்று கட்டட நிலை அறிக்கை. கூரை, லிஃப்ட், மின்கம்பிகள், ஏசி, கழிவுநீர்க் குழாய், தீ அணைப்பு ஏற்பாடு ஒவ்வொன்றுக்கும் வயது என்ன, மிச்ச ஆயுள் எவ்வளவு, மாற்ற என்ன செலவு என்று அட்டவணை இருக்கும். உடனே செய்ய வேண்டியது 8 லட்சம் என்று எழுதினால், அதில் 125%, அதாவது 10 லட்சத்தைக் கடன் தரும் நாளிலேயே பிடித்து வைப்பது பரவலான வழக்கம். வேலை முடிந்து சரிபார்த்த பிறகு விடுவிப்பார்கள். பலர் கைக்காசைக் கணக்கிடும்போது இதை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு 12 போக 6.3, மீதி 5.7 கோடி மட்டும் இல்லை. பதிவுச் செலவு, அறிக்கைகள், வழக்கறிஞர், இந்தப் பிடித்தம், வரி, காப்பீட்டுக்கு முன்கூட்டியே கட்டச் சொல்லும் மாதங்கள் எல்லாம் அதன் மேல்.

இரண்டாவது சுற்றுச்சூழல் அறிக்கை. முதல் கட்டத்தில் மண்ணைத் தோண்ட மாட்டார்கள். பழைய வரைபடம், உரிமங்கள், பக்கத்து மனைகள், நேரில் ஒரு சுற்று, அவ்வளவுதான். முன்பு எரிபொருள் நிலையம், வண்டிப் பட்டறை, அச்சகம், உலர்சலவைக் கடை இருந்த இடம் என்று தெரிந்தால் இரண்டாம் கட்டம்: துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்துப் பரிசோதனை. உலர்சலவையில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் கான்கிரீட் தரையையும் கடந்து கீழே இறங்கும், அதனால் கடை மூடிப் பல ஆண்டு ஆனாலும் கேள்வி கேட்பார்கள். உங்கள் 4 கடையில் இப்போதோ முன்போ சலவைக்கடை உண்டா?

அனுமதி விஷயத்தில் ஒரே ஒரு பொறி. கட்டியபோது விதிக்கு உட்பட்டு, இப்போது விதி மாறியதால் பொருந்தாத கட்டடங்கள் உண்டு. வாகன நிறுத்தம் போதாது, மாடி ஒன்று அதிகம், இப்படி. நடத்தத் தடையில்லை. ஆனால் தீயில் அழிந்தால் அதே அளவு திரும்பக் கட்ட விடுவார்களா என்பதுதான் வங்கியின் கேள்வி. 'விடமாட்டோம்' என்றால் அதற்குத் தனிக் காப்பீடு கேட்பார்கள் அல்லது சின்னக் கட்டடத்தை வைத்து மதிப்புப் போடுவார்கள்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

கடன் வாங்குபவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாக. "கடன் வரலாற்றில் குறை இல்லை" என்பது வாசல் சீட்டு மட்டும். அவர்கள் அளப்பது மூன்று. நிகரச் சொத்து கடன் தொகைக்குக் குறையாமல் இருக்கிறதா. கடன் தந்த மறுநாள் உங்களிடம் மிஞ்சும் ரொக்கம் கடனில் 10% அல்லது ஓர் ஆண்டுத் தவணை அளவுக்கு வருமா. இந்த மாதிரிக் கட்டடத்தை முன்பு நடத்தியிருக்கிறீர்களா. எல்லா வங்கிக்கும் ஒரே அளவு இல்லை, ஆனால் கேட்கும் திசை இதுதான். 5.7 கோடியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவருக்குக் கடனைக் குறைப்பார்கள், கூட்ட மாட்டார்கள். முன்பணத்தை இன்னொரு கடனில் எடுத்திருந்தால் அதன் தவணையும் கணக்கில் வரும், மறைத்தால் வங்கி அறிக்கையில் திடீரென்று விழுந்த பெரிய தொகையைக் காட்டி மூலம் கேட்பார்கள். நீங்கள் பிறருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்துகளையும் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

அனுபவம் இல்லை என்றால், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதை விட ஒரு நிர்வாக நிறுவனத்தின் ஒப்பந்த வரைவை விண்ணப்பத்தோடு வையுங்கள். எப்படியும் 4% கழித்துவிட்டார்கள், அதற்குப் பலனாவது கிடைக்கட்டும்.

---

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் மூலைக்கடைப் புதுப்பிப்பு பற்றிப் பேசிவிட்டேன், கேட்டுப் பார்ப்பதாகச் சொல்கிறார். சலவைக்கடை இல்லை, முன்பு இருந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பத்து வாடகைதாரரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு படிவம் தந்திருக்கிறார்கள், எஸ்டாப்பல் என்கிறார்கள். ஓர் அலுவலகம் அதில், "மாத வாடகை 70,000, இரண்டு மாத வாடகைக்குப் பதில் நானே ஏசி போட்டுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. விற்பவர் பட்டியலில் மாதம் 80,000. இதை வங்கிக்கு அனுப்பலாமா, விற்பவரைத் திருத்தச் சொல்ல வேண்டுமா?

---

பத்திரக்கட்டு எழுதியது:

அப்படியே அனுப்புங்கள். அந்தத் தாளின் வேலையே அதுதான். வாடகைதாரர் தன் கையால் வாடகை, முடியும் நாள், முன்பணம், உரிமையாளர் தர வேண்டிய பாக்கி ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால், பிறகு வேறு மாதிரி வாதாட முடியாது. விற்பவர் அதை 'திருத்த'த் தொட்டால் தாளே செல்லாததாகிவிடும், வங்கி இன்னும் ஒன்பது பேரையும் சந்தேகப்படும்.

மாதம் 10,000 என்றால் ஆண்டுக்கு 1.2 லட்சம். காலியிருப்பும் நிர்வாகமும் போக 1.07. கடனில் 9.7 லட்சம் இறங்கும். கட்டடத்தின் மதிப்பில், 8% கேப் ரேட் வைத்தால், 13.4 லட்சம் இறங்கும். இந்த இரண்டாவது எண்ணை எழுதி, படிவத்தின் நகலோடு விற்பவர் முன் வையுங்கள், விலையில் குறைக்கச் சொல்லி. ஏசி பற்றி அந்த ஆளிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: காலி செய்யும்போது அதைக் கழற்றிக்கொண்டு போகிறாரா, விட்டுவிட்டுப் போகிறாரா.